அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டன்ட்: எந்தச் சான்றிதழ், என்ன வேலை, கை எங்கே தவறும்

அமெரிக்காவில் ஒரு கிளினிக்குக்குப் போனால், வெயிட்டிங் ரூமில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எடை பார்த்து, அறைக்குள் உட்கார வைத்து, கையில் பட்டை சுற்றி பி.பி. பார்த்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் பெரும்பாலும் நர்ஸ் இல்லை. அவர் மெடிக்கல் அசிஸ்டன்ட். ஸ்க்ரப்ஸ் போட்டிருப்பதைப் பார்த்து நாம் நர்ஸ் என்று சொல்லிவிடுகிறோம். ஊர்ப்பக்கத்து கம்பவுண்டரோடு ஒப்பிடுபவர்களும் உண்டு. அதுவும் பொருந்தாது. கம்பவுண்டர் பல நேரம் டாக்டர் இல்லாதபோது தானே மருந்து கொடுத்துவிடுவார். மெடிக்கல் அசிஸ்டன்ட் டாக்டரின் உத்தரவு இல்லாமல் ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்க முடியாது.

எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா) வந்து வேலை அனுமதி அட்டை வாங்கியவர்களும், ஊரில் நர்சிங்கோ லேப் டெக்னீஷியன் படிப்போ முடித்தவர்களும் இந்த வேலையைப் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் படித்து வேலைக்குப் போய்விடலாம் என்பது காரணம். சம்பளம் பெரிதில்லை. தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்கில், நாடு முழுவதற்குமான நடுப்புள்ளி ஆண்டுக்கு 42,000 டாலர். பாதிப் பேர் அதற்கும் கீழே. இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

முதலில் சட்டம். பெரும்பாலான மாநிலங்களில் மெடிக்கல் அசிஸ்டன்டுக்கு லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. டாக்டரின் லைசென்ஸின் கீழ், அவர் ஒப்படைக்கும் வேலையை, அவர் மேற்பார்வையில் செய்கிறார்கள். எதை ஒப்படைக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாஷிங்டன் மாநிலம் 2013 ஜூலையிலிருந்து மாநில சுகாதாரத் துறையின் அனுமதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே சான்றிதழ் பெற்றவர், பதிவு பெற்றவர், ரத்தம் எடுப்பவர், டயாலிசிஸ் பிரிவில் இருப்பவர் என்று வகைகள் உண்டு. கலிபோர்னியாவில் லைசென்ஸ் வேண்டாம், ஆனால் ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் பயிற்சிக் கணக்கு சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஊசிக்கு 10 மணி நேரம், ரத்தம் எடுக்க 10 மணி நேரம். அதோடு தசையில் 10, தோலடியில் 10, தோலுக்குள் 10, வெயினில் (சிரையில்) 10, விரல் நுனியில் 10 என்று தனித்தனியாகச் சரியாகச் செய்து காட்டியிருக்க வேண்டும். அங்கே ஐ.வி. லைன் போடவோ அதில் மருந்து ஏற்றவோ கூடாது. நியூயார்க் இன்னும் கெடுபிடி. மெடிக்கல் அசிஸ்டன்ட் ஊசி போடுவதை அந்த மாநிலம் நெடுங்காலமாக அனுமதித்ததில்லை. ஒரு மாநிலத்தில் தினமும் 20 தடுப்பூசி போட்டவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிமாறினால், அதே வேலை அங்கே சட்டமீறலாகலாம். வேலை மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த மாநில மெடிக்கல் போர்டின் இணையதளம்.

எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. நோயாளியின் நிலையை எடைபோட்டு முடிவு சொல்லக் கூடாது. இது தேர்விலும் வரும், வேலையிலும் தினம் வரும். போனில் ஒருவர் "காலையிலேர்ந்து நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு" என்கிறார். "கேஸா இருக்கும், ஜெலுசில் குடிச்சுப் பாருங்க" என்று அசிஸ்டன்ட் சொன்னால் அது லைசென்ஸ் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாகிவிடும். அவர் செய்ய வேண்டியது, கிளினிக் எழுதி வைத்திருக்கும் நடைமுறைப்படி அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடச் சொல்லி, டாக்டரையோ நர்ஸையோ அந்த நொடியே இழுத்து வருவது. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே பதிவு செய்வது. 'ஆஞ்சைனா' என்று நோயின் பெயரை எழுதக் கூடாது, 'நெஞ்சை அடைக்கிறது' என்றுதான் எழுத வேண்டும். டாக்டர் சொல்லச் சொன்னதை நோயாளியிடம் சொல்லலாம். அதற்கு மேல் அவர் கேட்கும் கேள்விக்குத் தானாகப் பதில் சேர்க்கக் கூடாது.

ஊரில் எம்.பி.பி.எஸ். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து இங்கே அசிஸ்டன்டாக இருப்பவர்களுக்கு இது மிகவும் கடினம். பதில் தெரியும், வாய் வரைக்கும் வந்துவிடும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் அந்த அறையில் மெடிக்கல் அசிஸ்டன்ட் மட்டும்தான். 'நான் நர்ஸ்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும் பல மாநிலங்களில் குற்றம். நர்சிங் படித்தவர்களுக்கு என் யோசனை, இந்த வேலையில் இருந்துகொண்டே அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வுக்கான ஆவணங்களை நகர்த்துங்கள். படித்த படிப்பை இதற்காக விட்டுவிட வேண்டியதில்லை.

இனி சான்றிதழ். பயிற்சி மையம் படிப்பு முடித்ததற்குக் கொடுப்பதும், தேசிய அமைப்பின் தேர்வு எழுதிப் பெறுவதும் தமிழில் ஒரே 'சான்றிதழ்' ஆகிவிடுவதால் ஏமாற வாய்ப்பு அதிகம். வேலைக்கு எடுப்பவர்கள் கேட்பது இரண்டாவதை. அதில் முக்கியமானவை மூன்று.

தேசிய ஹெல்த்கரியர் அசோசியேஷன், சுருக்கமாக என்.எச்.ஏ., நடத்துவது சி.சி.எம்.ஏ. கிளினிக்கல் மெடிக்கல் அசிஸ்டன்ட் என்ற பெயரை நேராகத் தாங்கி நிற்பது இதுதான். ஹைஸ்கூல் முடித்திருக்க வேண்டும். அதோடு கடந்த 5 ஆண்டுக்குள் ஒரு பயிற்சிப் படிப்பு, அல்லது அதற்கு ஈடாக மேற்பார்வையில் வேலை பார்த்த அனுபவம். மதிப்பெண்ணுக்கு 150 கேள்வி, மதிப்பெண் இல்லாமல் சோதனைக்காகக் கலந்திருக்கும் 30 கேள்வி, 3 மணி நேரம். 200 முதல் 500 வரையான அளவில் 390 எடுத்தால் தேர்ச்சி. எந்த 30 கேள்விக்கு மதிப்பெண் இல்லை என்று தெரியாது, ஆகவே எதையும் விட்டுவைக்காதீர்கள். தவறினால் 30 நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். மூன்று முறை தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் மெடிக்கல் அசிஸ்டன்ட்ஸ் கொடுக்கும் சி.எம்.ஏ. பழையது, மதிப்பு மிக்கது. 200 கேள்வி, 40 நிமிடமாக நான்கு பகுதி, 200 முதல் 800 வரையான அளவில் 430 எடுக்க வேண்டும். இதற்கான முக்கிய வழி, காஹெப் அல்லது ஏபெஸ் என்ற அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற படிப்பு. சிக்கல் இங்கேதான். பணம் கட்டிப் படித்து முடித்த பிறகுதான், தான் படித்த இடத்துக்கு அந்த அங்கீகாரம் இல்லை என்பது பலருக்குத் தெரிகிறது. சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி 'சான்றிதழ் தருவீர்களா' என்பதல்ல. 'இங்கே முடித்தால் எந்தெந்தத் தேர்வுக்கு உட்காரலாம், அங்கீகாரம் எந்த அமைப்புடையது' என்பதுதான். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, அமெரிக்கன் மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்ஸ் அமைப்பின் ஆர்.எம்.ஏ. ராணுவ மருத்துவப் பயிற்சி, வேலை அனுபவம் என்று பல வழியில் நுழையலாம்.

எதை எடுப்பது? உங்கள் ஊரில் உள்ள பெரிய மருத்துவமனைக் குழுமங்களின் வேலை விளம்பரம் பத்தைத் திறந்து, எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அரை மணி நேர வேலை, ஆயிரக்கணக்கான டாலரை மிச்சப்படுத்தும்.

சி.சி.எம்.ஏ. தேர்வில் பாதிக்கும் மேற்பட்ட கேள்விகள் நோயாளி பராமரிப்பு பற்றியவை: வைட்டல்ஸ் (பி.பி., நாடித்துடிப்பு, உடல் சூடு போன்றவை), கிருமிக் கட்டுப்பாடு, ரத்தம் எடுப்பது, ஈ.சி.ஜி., எளிய லேப் சோதனைகள். உடற்கூறியலை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்துவிட்டு, எந்த மூடி ட்யூப் முதலில் என்பதைக் கோட்டை விடுபவர்கள் அதிகம். நேரத்தை எங்கே போடுவது என்பதற்கு இதுவே கணக்கு.

பி.பி.யிலிருந்து தொடங்கலாம். எல்லோருக்கும் தெரிந்தது என்று நினைப்பதால்தான் அதிகம் தவறுகிறது. நோயாளி நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல், பேசாமல் 5 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். முன் அரை மணி நேரம் காபியோ சிகரெட்டோ கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரச் சொல்ல வேண்டும். கை இதயத்தின் உயரத்தில், மேஜையில் தாங்கலாக. பட்டை வெறும் தோலில், கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே. கிளினிக்கில் நடப்பது என்ன? பரிசோதனைக் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டி, பட்டை ஊதிக்கொண்டிருக்கும்போதே "மாத்திரை ஏதாவது மாத்தினாங்களா?" என்று கேட்பது. பேசினாலே சிஸ்டாலிக் (பி.பி.யின் மேல் எண்) 10 வரை ஏறும். கை தாங்கலில்லாமல் தொங்கினால் இன்னும் ஏறும். எல்லாம் ஒரே திசையில் தவறுகிறது, மேல்நோக்கி.

பட்டையின் அளவு இதைவிட முக்கியம். மேல்கையைச் சுற்றி டேப் வைத்துப் பாருங்கள். 27 முதல் 34 செ.மீ. என்றால் வழக்கமான பட்டை, 35 முதல் 44 என்றால் பெரியது, 45-க்கு மேல் மிகப் பெரியது, 22 முதல் 26 என்றால் சிறியது. மிகப் பெரியது தேவைப்படும் கைக்கு வழக்கமான பட்டையைச் சுற்றினால் சிஸ்டாலிக் சராசரியாக 20 அளவுக்குக் கூடுதலாகக் காட்டும் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. 125 இருப்பவர் 145 ஆகிறார். டாக்டர் அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுகிறார். ஒரு வாரம் கழித்து அந்த மனிதர் கட்டிலிலிருந்து எழும்போது தலைசுற்றி விழுகிறார். சுவரில் தொங்கும் பட்டையை மாற்றி எடுக்கச் சோம்பியதன் விலை இது. மெஷின் இல்லாமல் கையால் பி.பி. பார்க்கிறீர்களென்றால் மணிக்கட்டு நாடி மறையும் அளவைவிட 20 முதல் 30 மேலே ஏற்றி, நொடிக்கு 2 வீதம் இறக்குங்கள். 138 என்றால் 138 என்றே எழுதுங்கள், 140 ஆக்காதீர்கள்.

ரத்தம் எடுப்பதில் எல்லோரும் பயப்படுவது வெயின் கிடைக்காமல் போவதை. (நம் பேச்சுவழக்கில் 'நரம்பு கிடைக்கல' என்போம். உண்மையான நரம்பில் ஊசி பட்டால் மின்சாரம் பாய்ந்தது போல வலிக்கும், உடனே எடுத்துவிட வேண்டும்.) வெயின் கிடைக்காதது வெளியே தெரிந்துவிடுகிற தவறு, யாரையாவது கூப்பிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். தெரியாமல் போகிற தவறுகளே ஆபத்து.

ட்யூப்களுக்கு ஒரு வரிசை உண்டு: ரத்தக் கல்ச்சர், வெளிர் நீலம், சிவப்பு அல்லது தங்க நிறம், பச்சை, லாவெண்டர், சாம்பல். காரணம் புரிந்தால் மனப்பாடம் தேவையில்லை. லாவெண்டர் மூடி ட்யூபில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் சேர்ந்த இ.டி.டி.ஏ. அதை முதலில் குத்திவிட்டு அதே ஊசியில் தங்க மூடி ட்யூபை மாட்டினால், ஒரு துளி ஒட்டிக்கொண்டு போனாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் அன்று இரவே எமர்ஜென்சிக்கு ஓட வேண்டியிருக்கும். கையை மூடித் திற, மூடித் திற என்று நோயாளியிடம் சொல்வது நம்மூர் லேப்களில் ஊறிப்போன பழக்கம். அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். ஒருமுறை மெதுவாக மூடி வைத்தால் போதும்.

வெளிர் நீல மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் இருக்கிறது, 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் உறையும் நேரம் நீண்டதாகக் காட்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மருந்தைத் தவறாகக் குறைத்துவிடுவார்கள். மெல்லிய குழாயோடு வரும் பட்டர்ஃபிளை ஊசியில், அந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்று இந்த ட்யூபில் புகுந்து அளவைக் குறைக்கும். அதனால் வெளிர் நீலம் முதல் ட்யூபாக இருந்தால், அதற்கு முன் ஒரு ட்யூபை வீணுக்கு எடுத்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

டூர்னிகே (கையை இறுக்கிக் கட்டும் பட்டை) குத்தும் இடத்துக்கு 3 முதல் 4 அங்குலம் மேலே, ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. ஆல்கஹால் தடவியபின் 30 நொடி காயட்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், ரத்த அணுக்களும் உடையும். ஊசியின் சாய்ந்த முகம் மேலே, 15 முதல் 30 டிகிரி. முழங்கை மடிப்பின் நடுவில் இருக்கும் வெயினைத் தேடுங்கள். உள்பக்கம், உடலை ஒட்டி இருப்பதை விட்டுவிடுங்கள், பக்கத்திலேயே தமனியும் நரம்பும் ஓடுகின்றன. ஊசியை வெளியே எடுக்கும் முன் டூர்னிகே அவிழ்ந்திருக்க வேண்டும். ட்யூபைக் குலுக்காதீர்கள், கவிழ்த்து நிமிர்த்துங்கள்: வெளிர் நீலம் 3 அல்லது 4 முறை, தங்கம் 5, லாவெண்டர் 8 முதல் 10.

லேபிள் ஒட்டுவது எடுத்த பிறகு, நோயாளி முன்னாலேயே. முன்கூட்டி ஒட்டி வைத்த ட்யூப் அடுத்தவருக்குப் போவது எந்தப் பரபரப்பான காலையிலும் நடக்கக்கூடியது. "நீங்கதானே இன்னார்?" என்று கேட்கக் கூடாது. காது கேட்காத பெரியவர் எதற்கும் தலையாட்டுவார். முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

ஈ.சி.ஜி.யில் உடலில் ஒட்டுவது 10 எலெக்ட்ரோடு, தாளில் வருவது 12 லீடு. அதிகம் தவறுவது மார்பின் முதல் இரண்டு. வி1-ஐயும் வி2-ஐயும் கண்ணால் பார்த்தே ஒட்டுபவர்கள் ஒன்றிரண்டு விலா மேலே போய்விடுகிறார்கள். பழைய மாரடைப்பு போன்ற தோற்றம் அதில் வரலாம். தொண்டைக் குழியிலிருந்து விரலை மார்பெலும்பில் கீழே இறக்கினால் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இருப்பது 2-ஆவது விலா. அங்கிருந்து எண்ணி 4-ஆவது இடைவெளியில் வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. பிறகு 5-ஆவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே வி4. அதை ஒட்டிய பின்தான் வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வலக்கை இடக்கை வயர் மாறிவிட்டால் லீடு 1 தலைகீழாக வரும். தாளைக் கிழிக்கும் முன் அதை ஒரு பார்வை பாருங்கள். கோடு அலை அலையாக மேலும் கீழும் போனால் தோலில் எண்ணெயோ லோஷனோ இருக்கும், துடைத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.

டி.பி. தோல் சோதனையில் 0.1 மி.லி., 5 முதல் 15 டிகிரி, 6 முதல் 10 மி.மீ. கொப்புளம் எழ வேண்டும். எழவில்லையென்றால் ஆழமாகப் போய்விட்டது, வேறு இடத்தில் மறுபடி போட வேண்டும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பதால், சனி ஞாயிறு மூடியிருக்கும் கிளினிக்கில் வியாழக்கிழமை போடக் கூடாது. அளப்பது சிவப்பை அல்ல, தடிப்பை. முன்கையின் குறுக்கே, மில்லிமீட்டரில். ஒன்றும் இல்லையென்றால் 'நெகட்டிவ்' என்று எழுதாமல் '0 மி.மீ.' என்று எழுதுங்கள்.

கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பற்றி ஒன்றே ஒன்று: டேப்பில் கோடு கறுத்தால் அந்தப் பொட்டலம் சூட்டைக் கண்டது என்று மட்டுமே பொருள், கிருமி செத்தது என்றல்ல. அதற்கு ஸ்போர் சோதனை தனியாக உண்டு.

சான்றிதழ் வாங்கிய பின் புதுப்பிக்க மறக்காதீர்கள். சி.சி.எம்.ஏ.வுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை 10 தொடர்கல்விப் புள்ளி, ஆர்.எம்.ஏ.வுக்கு 3 ஆண்டுக்கு 30, சி.எம்.ஏ.வுக்கு 60 மாதத்துக்கு 60. சி.பி.ஆர். அட்டையும் 2 ஆண்டில் காலாவதியாகும்.

முழுக்க ஆன்லைனில் முடியும் படிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. தேர்வு எழுத அவை போதுமானதாக இருக்கலாம். ஆனால் நேர்முகத்தில் 'எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருக்கிறீர்கள்' என்று கேட்பார்கள். அதனால் கிளினிக்கில் நேரடிப் பயிற்சி உள்ள படிப்பையே தேடுங்கள், 160 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. அந்த நாட்களில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, செய்த வேலை, எத்தனையாவது முறை, பார்த்தவர் கையெழுத்து. நோயாளியின் பெயரோ பிறந்த தேதியோ அதில் வரக் கூடாது, அது நோயாளியின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தை மீறுவது. கையெழுத்தைச் செய்த அன்றே வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துத் தேடிப் போனால் அந்த சூப்பர்வைசர் வேறு கிளினிக்குக்கு மாறியிருப்பார்.